அம்மா ஓட்டும்போது எரியும் விளக்கு

ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டி என்றால் கரண்ட்டுக்குக் கொண்டாட்டம். ஸ்டார்ட் ஆகாத வண்டி, ஹாரன் அடிக்காத வண்டி, வைப்பர் பாதியில் நின்றுபோன வண்டி என்று எது வந்தாலும் விசில் அடித்துக்கொண்டே போய் பானெட்டைத் திறப்பான். வந்து வந்து போகிற கோளாறு என்றால் மட்டும் முகம் சுண்டிவிடும். ரோட்டில் எல்லா ஆட்டமும் போட்டுவிட்டு, பட்டறை வாசலை மிதித்ததும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொள்ளும் கோளாறுகள், தன் மானத்தை வாங்குவதற்கென்றே பிறந்தவை என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

கார்களில் ஒயரிங் வேலை மட்டும் பார்ப்பதால் வந்த பெயர் கரண்ட்டு. தொட்டால் சுள்ளென்று அடிக்கிற குணத்தால் அது நிலைத்தும்விட்டது. நாற்பதைத் தாண்டிய ஆள், நல்ல உயரம். கார் சின்னதாக இருந்தால் உடம்பை மூன்றாக மடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். பட்டறையில் அவனுக்குத் துணை, அடிபட்ட வண்டிகளைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் ஒருவர். அவருடைய சுத்தியல் சத்தத்தில் இருவரும் பேசிக்கொள்வதே குறைவு. அதுவும் நல்லதுக்குத்தான்.

அந்த வெள்ளை நிறச் சின்னக் காரை முதல் தடவை ஓட்டி வந்தவர் ஒரு அம்மா. ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரிவதே பெரிய விஷயம் என்கிற உயரம். அவருடைய அக்காவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கூட்டிவருவதற்காகவே அந்தக் காரை வைத்திருந்தார்.

"ஒரு ஆள் உக்காந்திருக்கான் தம்பி, அவன் முன்னாடி ஒரு பந்து. அந்தப் படம் செவப்பா எரியுது. நல்லா எரிஞ்சுக்கிட்டே வரும், திடீர்னு ஒரு நாள் காணாமப் போயிடும், மறுபடியும் வரும்" என்றார் அம்மா.

அது ஏர்பேக் விளக்கு. வண்டி எதிலாவது மோதினால் பட்டென்று விரிந்து ஆளைத் தாங்குகிற காற்றுப் பைக்குக் காவல் இருக்கிற விளக்கு. அது எரிந்துகொண்டிருந்தால், மோதும்போது பை விரியும் என்று நம்ப முடியாது. கரண்ட்டு காரில் ஏறி, ஸ்கேனர் பெட்டியைச் செருகிப் பார்த்தான். காரே தன் வியாதியைச் சொல்லும் பெட்டி அது. டிரைவர் சீட் பக்கத்து ஒயரில் தொடர்பு சரியில்லை என்று காட்டியது. சீட்டுக்கு அடியில் இருந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினான். ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தான். விளக்கு எரியவே இல்லை.

கொஞ்ச நாளில் அம்மா திரும்ப வந்தார். எரிகிறதாம். ஸ்கேனரில் அதே குறிப்பு இருந்தது. அழிக்காமல் விட்டால் பழைய குறிப்பும் அதில் அப்படியே நிற்கும். 'போன தடவை அழிக்க மறந்திருப்பேன்' என்று நினைத்துக்கொண்டு, இந்தத் தடவை ஞாபகமாக அழித்தான். மறுபடியும் ஊர்வலம். மேடு, பள்ளம், வேகத்தடை என்று ஒன்றையும் விடவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மீட்டரையே பார்த்தான். ஒன்றும் இல்லை. கடுப்பாகிவிட்டது.

"வெயில் பட்டு செவப்பா தெரிஞ்சிருக்கும்மா" என்று சாவியைக் கொடுத்தான்.

அன்று சாயந்திரம் அந்த அம்மாவின் மகன் போன் செய்து கேட்டபோது, அதற்கு மேலும் ஒரு படி போனான். "வண்டியில ஒண்ணுமே இல்ல சார். அம்மாவுக்குத்தான் அப்படித் தெரியுது."

சொல்லிவிட்டு மறந்தும் போனான். வாய்க்கு வந்ததைச் சொல்வதும் மறப்பதும் அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் அந்த வாக்கியம் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது அவனுக்குத் தெரியாது.

மூன்றாவது தடவை மகனும் வந்தார். அம்மா காரில் முன்னால் வர, அவர் மோட்டார் பைக்கில் பின்னாலேயே வந்தார். நல்ல வளர்த்தியான ஆள். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. அம்மா காரை நிறுத்திவிட்டு, கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மகன் கரண்ட்டை ஓரமாக அழைத்துப் போனார்.

"வண்டியைக் குடுத்துடலாம்னு இருக்கேன். வாங்கறவர் பேசி முடிச்சாச்சு. நீங்க ஒரு தடவை முழுசா பாத்து, ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டா போதும். அம்மா காதுல விழற மாதிரி சொல்லுங்க."

"ஏன் சார், அம்மா ஓட்டலையா?"

"எப்படி ஓட்ட விடறது? அடுப்பை எரிய விட்டுட்டு கடைக்குப் போறாங்க. இல்லாத விளக்கு எரியுதுங்கறாங்க. நீங்களே சொன்னீங்களே, அவங்களுக்குத்தான் அப்படித் தெரியுதுன்னு. இப்ப கொஞ்ச நாளா அதைப் பத்திப் பேசறதே இல்ல. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. என்னிக்காவது எதையாவது பாத்துட்டு பிரேக் போட்டா? பெரியம்மாவும் உள்ள இருப்பாங்க."

கெட்ட பிள்ளை இல்லை. பயந்த பிள்ளை. கரண்ட்டு தலையை ஆட்டினான். பக்கத்துத் தெருவில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று மகன் பைக்கை எடுத்தார்.

ஒப்புக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் கரண்ட்டு காருக்குள் ஏறினான். சாவியைத் திருப்பினால், இன்ஜின் உறுமுவதற்கு முன் மீட்டரில் இருக்கும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். வாத்தியார் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்கிற மாதிரி. பேட்டரி சொன்னது, ஆயில் சொன்னது, பிரேக் சொன்னது. ஏர்பேக் மட்டும் ஆஜராகவில்லை.

'பல்பு போச்சா?' என்று மீட்டருக்கு மேலே இருந்த கண்ணாடியை விரலால் தடவினான். நகத்தில் ஏதோ இடறியது. கறுப்பு டேப். ஒயருக்குச் சுற்றுகிற அதே டேப்பை, விளக்கின் அளவுக்குச் சரியாக, ஓரத்தில் ஒரு பிசிறும் இல்லாமல் கத்தரித்து ஒட்டியிருந்தது. கறுப்பு மீட்டரில் கறுப்பு டேப் யார் கண்ணில் படும்? அவன் அதை உரித்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு அம்மாவிடம் போனான்.

"இது என்னம்மா?"

"டேப்பு."

"அது தெரியுது. யாரு ஒட்டினது?"

"நான்தான்." அவர் அவன் விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "எரிஞ்சா கண்ணு அங்க போகுது. கண்ணு போனா வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. சொன்னா என் பையன் என்னை ஒரு மாதிரி பாக்கறான். அந்தப் பார்வையை விட அது எரிஞ்சுட்டுப் போகட்டும்னு ஒட்டிட்டேன்."

டிங்கர் பின்னால் டங் டங் என்று ஒரு கதவை அடித்துக்கொண்டிருந்தார்.

"தியேட்டர்ல என் வேலையே அதான் தம்பி" என்றார் அம்மா. "மெஷின்ல விளக்கு மாறினா டாக்டர்கிட்ட சொல்லணும். எத்தனை டாக்டர் வந்தாங்க, போனாங்க. கோவக்காரங்க, திட்டறவங்க எல்லாம் இருந்தாங்க. ஆனா ஒருத்தர்கூட உனக்குத்தான் அப்படித் தெரியுதுன்னு சொன்னதில்ல. இப்ப என்னடான்னா எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நெஜமா எரிஞ்சுதா, நானா நெனச்சுக்கறேனான்னு படுத்துக்கிட்டு யோசிக்கிறேன். சந்தேகம் வந்தப்புறம் ஸ்டியரிங்கைப் பிடிக்க எனக்கே பயமாத்தான் இருக்கு."

உனக்குத்தான் அப்படித் தெரிகிறது. அது தன்னுடைய வாக்கியம் என்று கரண்ட்டுக்கு உறைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போய் ஸ்கேனரை எடுத்துவந்து செருகினான். டிரைவர் சீட் பக்கத்து ஒயர், தொடர்பு சரியில்லை. அதே குறிப்பு.

இந்தத் தடவை மறதி என்று தப்பிக்க வழியில்லை. போன தடவை பொத்தானை அழுத்தி அழித்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அழித்த பிறகு மறுபடி வந்திருக்கிறது என்றால், விளக்கு எரிந்திருக்கிறது. அப்படியானால் அதற்கு முந்தைய தடவையும் எரிந்திருக்கிறது. கார் இரண்டு தடவை சொல்லியிருக்கிறது, அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், இவன் காதில்தான் ஏறவில்லை.

மூடி மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு போய்ச் சொல்லிவிட்டான். "அம்மா, விளக்கு எரிஞ்சது நெஜம். போன தடவையே மெஷின் காட்டுச்சு. நான்தான், பழசை அழிக்க மறந்துட்டேன் போலன்னு விட்டுட்டேன்."

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். "மறந்துட்டோம்னு நெனச்சீங்களே, அதுக்காக யாராவது உங்க கையிலேர்ந்து ஸ்பானரைப் புடுங்கினாங்களா?"

"இல்லம்மா."

"குடுத்து வெச்சவர்."

அதற்கு மேல் அவனுக்கு வெறி வந்துவிட்டது. டிரைவர் சீட்டை ஒரே தள்ளாகக் கடைசிவரை பின்னால் தள்ளி, முன்பக்கத் தரையில் மண்டியிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டான். ஒயரை ஆட்டினான், இணைப்பைத் திருகினான், உறையோடு சேர்த்து நசுக்கிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். எல்லா விளக்கும் வந்தது, எல்லா விளக்கும் அணைந்தது. சனியன் பிடித்த கார் அவனோடு கண்ணாமூச்சி ஆடியது. இறங்கி டயரை ஓங்கி ஓர் உதை விட்டான். வலித்தது அவனுக்குத்தான்.

அம்மா எழுந்து வந்தார். "ஒண்ணு கேக்கவா தம்பி? வலிக்குதுன்னு சொல்றவளை வெளிய உக்கார வெச்சுட்டு, நீங்களே படுத்துப் படுத்துப் பாத்தா எப்படி வலிக்கும்? நான் உக்காந்து காட்டறேனே."

பட்டறைக்குள் வந்த காரில் வாடிக்கையாளரை உட்கார வைப்பது அவன் வழக்கமே இல்லை. அவர்களுக்கு நாற்காலி, அவனுக்குக் கார், அதுதான் எல்லைக்கோடு. இன்றைக்கு அதைச் சொல்ல அவனுக்கு முகமில்லை. கதவைத் திறந்துவிட்டான். தான் பக்கத்து சீட்டில் உடம்பைத் திணித்துக்கொண்டான்.

அம்மா உட்கார்ந்தார். கால் பெடலுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. குனிந்து சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைத் தூக்கி, கடகடவென்று சீட்டை முன்னால் இழுத்தார். இழுக்க முடிந்தவரை இழுத்து, முதுகை நேராக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பினார்.

எல்லா விளக்குகளும் வந்தன. ஒவ்வொன்றாக அணைந்தன. சிவப்பாக, மடிக்கு முன்னால் பந்தோடு, ஓர் ஆள் மட்டும் போகாமல் நின்றார்.

"எரியுதும்மா! எரியுது!" என்று கரண்ட்டு போட்ட கூச்சலில் டிங்கரே சுத்தியலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

அம்மா கத்தவில்லை. விளக்கைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். கண் நிறைந்து தளும்பியது.

"உங்களுக்கும் தெரியுதா?"

"நல்லா தெரியுதும்மா."

அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

அவர் இறங்கியதும் அவன் சுற்றி வந்து அதே சீட்டில் ஏறினான். சாவியைத் திருப்பினான். விளக்கு இல்லை.

"பாருங்க, மறுபடியும் டிமிக்கி குடுக்குது!"

"தம்பி, நீங்க சீட்டைத் தள்ளினீங்க" என்றார் அம்மா.

"நானா? எப்ப?"

"இப்பத்தான். கதவைத் தொறந்ததும் குனிஞ்சு தள்ளிட்டு உக்காந்தீங்க. ஒவ்வொரு தடவை நான் வண்டியைக் கொண்டுவந்தப்பவும் அப்படித்தான் ஏறினீங்க."

கரண்ட்டு தன் முழங்காலைப் பார்த்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே அது சுகமாக நீட்டிக்கொண்டிருந்தது. நீளக் காலை வைத்துக்கொண்டு வாழ்கிறவன், கார்க் கதவைத் திறந்ததும் கை தானாக அந்தக் கம்பிக்குப் போகும். அந்தக் கையை அவன் ஒரு நாளும் கவனித்ததில்லை. முதல் தடவையும் தள்ளியிருக்கிறான், இரண்டாவது தடவையும் தள்ளியிருக்கிறான். கோளாறைத் தேடுவதற்கு முன்னாலேயே கோளாறைத் தன் கையாலேயே சரிசெய்துவிட்டு, பிறகு ஊரெல்லாம் தேடியிருக்கிறான்.

சீட்டை முன்னால் இழுத்துவிட்டு, வெளியே நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்தான். சீட் முன்னால் வந்ததும் அடியில் இருந்த ஒயர் கட்டு விறைத்து நின்றது. இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. அதிலிருந்து நாலு விரல் தள்ளி, மேலுறை சரியாக இருந்த இடத்தில், உள்ளே செப்புக் கம்பி அறுந்திருந்தது. விரலால் வளைத்தால் அந்த இடம் மட்டும் துவண்டது. சீட் பின்னால் இருந்தால் ஒயர் தளர்ந்து அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். முன்னால் வந்தால் பிரிந்துகொள்ளும். மகன் ஓட்டினால் ஒட்டும், மெக்கானிக் ஓட்டினால் ஒட்டும்.

"கம்பியை ஒட்டு போட்டு உறை மாட்டிட்டா முடிஞ்சுதும்மா. இப்பவே செஞ்சிடவா?"

"வேணாம். என் பையன் வரட்டும்" என்றார் அம்மா. இப்போது குரலில் தியேட்டர் நர்ஸ் வந்திருந்தார்.

மகன் வந்ததும் பைக்கை நிறுத்திக்கொண்டே, "என்ன, ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்டார்.

"காருக்குள்ள உக்காருங்க சார்" என்றான் கரண்ட்டு.

மகன் கதவைத் திறந்தார். கை நேராகக் கீழே கம்பிக்குப் போனது.

"தள்ளாதே" என்றார் அம்மா. "நான் உக்கார்ற மாதிரி உக்காரு."

"இதுல எப்படிம்மா நுழையறது?"

"நுழை."

அவர் எப்படியோ நுழைந்தார். முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்கை முட்டின, தலை கூரையை உரசியது. கையைச் சுற்றிக்கொண்டு போய் சாவியைத் திருப்பினார். விளக்குகள் வந்தன, போயின. ஒன்று போகவில்லை.

மகன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கரண்ட்டு நடந்ததைச் சொன்னான். ஒயர் அறுந்தது, சீட் முன்னால் வந்தால் பிரிவது, ஸ்கேனர் போன தடவையே காட்டியதைத் தான் அலட்சியமாக விட்டது, எல்லாவற்றையும் சொன்னான். "அம்மாவுக்குத்தான் அப்படித் தெரியுதுன்னு நான் சொன்னேன்ல சார், அது முழுத் தப்பு" என்றும் சொன்னான்.

"எப்பலேர்ந்தும்மா இது?" என்றார் மகன்.

"நான் சொன்னதுலேர்ந்து."

மகன் கரண்ட்டு பக்கம் திரும்பினார். "நடுவுல எங்கயாவது மோதியிருந்தா?"

"பை விரிஞ்சிருக்காது சார். நீங்க ஓட்டியிருந்தா விரிஞ்சிருக்கும். அம்மா ஓட்டியிருந்தா..."

அப்போதுதான் மகன் கண்ணில் அந்த டேப் பட்டது. கரண்ட்டு அதை மீட்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருந்தான். என்னவென்று கேட்டார், தெரிந்துகொண்டார். முகம் சிவந்துவிட்டது. பயந்துபோன ஆளுக்குக் கோபம்தானே முதலில் வரும்?

"உனக்கு என்ன பைத்தியமாம்மா? உசுரு போற விஷயம். இதைப் போய் டேப்பு போட்டு மறைப்பியா? பெரியம்மாவை வேற ஏத்திக்கிட்டு!"

"கத்தாதே" என்றார் அம்மா. அவர் குரல் உயரவில்லை. "விளக்கு எரியுதுன்னு சொன்னா கார் போயிடும். வாயை மூடிக்கிட்டிருந்தா கார் இருக்கும். நான் உசுருக்குப் பயப்படறதா, உனக்குப் பயப்படறதா? நீதானேப்பா அப்படி வெச்ச?"

மகன் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. மடங்கிப்போன காலோடு அந்தச் சிவப்பு விளக்குக்கு நேராக உட்கார்ந்திருந்தார். சாவி போட்டபடியே இருந்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று சொல்ல வாயெடுத்த கரண்ட்டு, சொல்லாமல் விட்டுவிட்டான். இறங்கினால் இறங்கட்டும், சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

ரொம்ப நேரம் கழித்து மகன் இடுப்பை ஒருபக்கமாக நெளித்து, பாக்கெட்டிலிருந்து போனைச் சிரமப்பட்டு உருவினார். எண்ணைத் தேடிப் போட்டு, எதிர்முனை எடுக்கும்வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க, கார் விஷயமா. இல்லீங்க, குடுக்கல. ரிப்பேர் எல்லாம் ஒண்ணுமில்லீங்க." ஒரு தடவை செருமிக்கொண்டார். "ஓட்டறதுக்கு வீட்ல ஆள் இருக்கு."